சேர்வர் புதியது, சாவிக்கொத்து பழையதில்

கடை மாறுவது எப்படி என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய கடையின் சரக்கை எண்ணி, லொறியில் ஏற்றி, புதிய கடையில் இறக்கி, தராசைச் சரிபார்த்து, பெயர்ப்பலகையை மாட்டி, கடைசியாகப் பழைய கடையின் சாவியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்போம். சாவியை மறந்துவிட்டு வருகிற வியாபாரி இல்லை. ஆனால் கணனி என்று வந்தவுடன் இதே வியாபாரி அந்தப் பழக்கத்தையெல்லாம் மறந்துவிடுகின்றார். மறந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகின்றேன். சேர்வர் மாற்ற எண்ணியிருக்கும் சகோதரர்கள் இதை வெட்டி எடுத்து அலுமாரியில் ஒட்டிவைத்தால் ஒரு நாள் வியாபாரமாவது மிஞ்சும்.

எனக்குக் கணனிப் படிப்பு கிடையாது. பாடசாலையோடு படிப்பை நிறுத்திவிட்டுப் புறக்கோட்டையில் கணக்குக் கொப்பியோடு வளர்ந்தவன். ஆகவே நான் விளங்கிக்கொண்ட விதத்திலேயே விளக்குகின்றேன். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டிரெக்டரி என்றால் என்ன?

நமது காரியாலயத்தில் 14 கணனிகள் இருக்கின்றன. வத்தளை களஞ்சியசாலையில் இன்னும் மூன்று. காலையில் ஒவ்வொருவரும் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போகின்றார்கள். இன்னாருக்கு விலைப்பட்டியல் திறக்கலாம், இன்னாருக்குச் சம்பளப் பைல் திறக்கக்கூடாது என்றெல்லாம் ஒரு கணக்கு இருக்கின்றது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கணனியிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதில்லை. ஒரே ஒரு பெரிய பதிவேட்டில், சேர்வரில் இருக்கின்றது. அந்தப் பதிவேட்டுக்குத்தான் டிரெக்டரி என்று பெயர். வாசலில் நிற்கும் காவலாளியின் கையில் உள்ள பெயர்ப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய பதிவேட்டைக் கணனிகள் கேட்டு வாசிக்கும் முறைக்கு எல்டாப் என்று பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவாகி, 1993 இல் முதன்முதலாக ஒரு பொது விதிமுறையாக எழுதி வெளியிடப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சேர்வரோடு அக்டிவ் டிரெக்டரி என்ற தனது பதிவேட்டை வெளியிட்டது. நம் நாட்டின் நடுத்தர வியாபார நிலையங்கள் பலவற்றில் இருப்பது இதுதான்.

பதிவேட்டை வாசிப்பது வேறு, அதில் எழுதுவது வேறு. புதிய ஊழியரைச் சேர்க்கவும், விலகியவரை நீக்கவும், கடவுச்சொல்லை மாற்றவும் அதற்கென்று ஒரு நிர்வாகத் திரை இருக்கின்றது. அந்தத் திரை திறக்காவிட்டால் கடை திறந்திருக்கும், வியாபாரமும் நடக்கும். ஆனால் வாசலில் யார் வருகின்றார், யார் போகின்றார் என்பது முதலாளியின் கையில் இருக்காது. நமக்கு நடந்தது அதுதான்.

நடந்த கதை

நமது பழைய சேர்வரில் இருந்தது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. ராத்தாவின் மகன் நம்மிடம் வேலை செய்த காலத்தில் நிறுவித் தந்தது. அவர் பிறகு தோஹாவுக்குப் போய்விட்டார். 2022 மின்வெட்டுக் காலத்தில் பெட்டரி தீர்ந்து அந்தப் பெட்டி எத்தனையோ தடவை திடீரென நின்று எழும்பியது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வழமையாக வழங்குவதை மைக்ரோசொப்ட் 2023 ஒக்டோபர் 10 ஆம் திகதியோடு நிறுத்தியது. “இன்னும் ஓடுது தானே” என்று நான் மேலும் ஒரு வருடம் கடத்தினேன்.

ஒருவழியாக 2024 நவம்பரில் புதிய பெட்டியொன்றை வாங்கினோம். அதில் விண்டோஸ் சேர்வர் 2022. நவம்பர் 14 வியாழக்கிழமை பாராளுமன்றத் தேர்தல், 15 வெள்ளிக்கிழமை போயா, அடுத்து சனி, ஞாயிறு. இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது என்று வேலையை ஒரு தொழில்நுட்ப உதவியாளரிடம் கொடுத்தோம். ஞாயிறு மாலை அவர் “எல்லாம் முடிஞ்சு நானா, பழைய சேர்வரை நிப்பாட்டிட்டன்” என்றார். நானும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை 9 மணி. இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு முந்திய புதன்கிழமைதான் நமது விற்பனைப் பகுதியில் ஆறு வருடம் இருந்த ஒரு தம்பி விலகி, நம்மைப் போலவே மொத்த வியாபாரம் செய்யும் இன்னொரு கடையில் சேர்ந்திருந்தார். அவருடைய பெயரை மூடச் சொல்லி முகாமையாளரிடம் சொல்லியிருந்தேன். விடுமுறையில் அது தள்ளிப்போய்விட்டது. அந்தத் தம்பிக்கு வீட்டிலிருந்தே விலைப்பட்டியலையும், வாடிக்கையாளர்களின் கடன் நிலுவையையும் பார்க்கும் வசதி கொடுத்திருந்தோம். அவருக்குப் பதிலாக வந்த பிள்ளையும் அன்று காலை வந்து மேசையில் அமர்ந்திருந்தார்.

முகாமையாளர் தன் கணனியில் நிர்வாகத் திரையைத் திறந்தார். “டொமைன் இல்லை, அல்லது தொடர்புகொள்ள முடியவில்லை” என்ற கருத்தில் ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. மறுபடி திறந்தார். அதே செய்தி. 

“முதலாளி, உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு. புதுப் பிள்ளைய போடவும் ஏலாது, போனவர எடுக்கவும் ஏலாது” என்றார்.

“இன்டர்நெட் வருதா?”

“வருது. பில்லும் அடிக்கிறாங்க. ஆறேழு பேர் வழமை மாதிரி உள்ளுக்குப் போயிட்டாங்க.”

அப்படியானால் சேர்வர் சரிதானே என்று நினைத்தேன். என் முதல் தவறு அது.

வெளியிலிருந்து வரும் வழியை ரவுட்டரில் அடைத்துவிடலாம் என்று முகாமையாளர் சொன்னார். அடைத்தோம். கண்டியிலும் குருநாகலிலும் ஓடர் எடுக்கும் நமது இரண்டு பிரதிநிதிகளுக்கும் அதோடு வழி அடைபட்டது. அன்று அவர்கள் தொலைபேசியில்தான் ஓடர் சொன்னார்கள். ஒருவரை வெளியே நிறுத்துவதற்காக மூன்று பேரின் கதவைப் பூட்ட வேண்டி வந்தது. பதிவேடு கையில் இல்லாதவனின் நிலை அதுதான்.

பதினொரு மணிக்குத் தொழில்நுட்ப உதவியாளர் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டிரெக்டரி பழுதாகியிருக்கும் நானா. அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் சரி. நாளண்டைக்கு முடியும்” என்றார். அழிப்பது என்றால் 17 கணனிகளையும், எல்லா ஊழியர்களின் பெயர்களையும், யார் எதைத் திறக்கலாம் என்ற பத்து வருடக் கணக்கையும் மறுபடி ஒன்றிலிருந்து எழுதுவது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தோஹாவுக்கு அழைப்பெடுத்தேன்.

மருமகன் கேட்ட முதல் கேள்வி இது: “மாமா, திற திறக்காதது எந்தக் கணனியில? மனேஜர்ட மேசையிலயா, சேர்வர்லயா?”

சேர்வரில் யாருமே திறந்து பார்க்கவில்லை! திறந்தோம். பதிவேடு அப்படியே இருந்தது. ஒரு பெயரும் குறையவில்லை. விலகிய தம்பியின் பெயரை அந்த நிமிடமே மூடினோம். புதிய பிள்ளையின் பெயரையும் எழுதினோம். காலை 9 மணிக்கே மாடிக்கு ஏறி, சேர்வர் அறையில் பார்த்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

பதிவேடு நலமாக இருந்தது. அதற்குப் போகும் பாதைதான் தொலைந்திருந்தது. பாதை எங்கெங்கே தொலையும் என்பதை அன்று மாலைவரை மருமகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த ஒழுங்கிலேயே தருகின்றேன்.

முதலாவது: வழி சொல்பவர் யார்?

வலையமைப்பில் ஒவ்வொரு கணனிக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெயரைச் சொன்னால் இலக்கத்தைச் சொல்லித்தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். சந்தியில் நின்று வழி சொல்லும் மனிதரைப் போன்றது. நிர்வாகத் திரை திறக்கும்போது முதலில் இவரிடம்தான், “நம் காரியாலயத்தின் பதிவேடு எந்தச் சேர்வரில்?” என்று கேட்கும்.

நமது கணனிகளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருந்த முதல் டிஎன்எஸ் இலக்கம் பழைய சேர்வருடையது. அது நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டாவதாக இருந்தது இன்டர்நெட்டில் உள்ள பொது டிஎன்எஸ் ஒன்று. முதலாமவர் பதில் சொல்லாததால் கணனிகள் இரண்டாமவரிடம் போயின. அவருக்கு உலகத்தில் உள்ள இணையத்தளங்கள் எல்லாம் தெரியும். நம் காரியாலயத்தின் உட்பெயர் மட்டும் தெரியாது. இன்டர்நெட் வந்ததும், பதிவேடு கிடைக்காமல் போனதும் இதனால்தான். இன்டர்நெட் வருகின்றது என்பது சேர்வர் சரி என்பதற்குச் சாட்சி அல்ல.

அப்படியானால் ஆறேழு பேர் எப்படி உள்ளே போனார்கள்? விண்டோஸ் கணனி, கடைசியாக உள்ளே வந்த பத்துப் பேர்வரை ஞாபகத்தில் வைத்திருக்கும். சேர்வரைக் காணாவிட்டாலும் அந்த ஞாபகத்திலிருந்து உள்ளே விடும். பழகிய முகத்தைப் பார்த்துக் காவலாளி பதிவேட்டைப் பிரிக்காமலே கதவைத் திறப்பதைப் போல. புதிய பிள்ளையின் முகம் அதற்குத் தெரியாது. பில் அடித்தது எப்படி என்றால், கணக்கு மென்பொருளைப் பெயரால் அல்ல, புதிய சேர்வரின் இலக்கத்தாலேயே இணைத்திருந்தார்கள்.

தீர்வு சுலபம். கணனிகளுக்கு இலக்கம் வழங்கும் இடத்தில், நம் விடயத்தில் ரவுட்டரில், டிஎன்எஸ் என்று புதிய சேர்வரின் இலக்கத்தை மட்டும் எழுத வேண்டும். வெளி டிஎன்எஸ் எதையும் இரண்டாவதாகக் கணனிக்குக் கொடுக்கக்கூடாது. வெளி உலக வழியைச் சேர்வரே கேட்டுச் சொல்லும்படி, சேர்வருக்குள்தான் அதை எழுத வேண்டும். சேர்வரும் தனது டிஎன்எஸ் ஆகப் பழைய இலக்கத்தை வைத்திருக்கின்றதா என்று பார்க்கத் தவறக்கூடாது.

இரண்டாவது: மணி என்ன?

டிஎன்எஸ்ஸைத் திருத்திக் கணனிகளை நிறுத்தி எழுப்பியபோது நண்பகல் 12.10. சில கணனிகளில் நிர்வாகத் திரையும் பைல்களும் திறந்தன. சிலவற்றில் “நேர வித்தியாசம் இருக்கின்றது” என்ற செய்தி வந்தது. திறந்த கணனி ஒன்றின் மூலையைப் பார்த்த கணக்காளர் சத்தமிட்டார். அதில் மணி அதிகாலை 1.40, திகதி 19! அவர் அச்சடித்த மூன்று இன்வொய்ஸ்களிலும் நாளைய திகதி விழுந்திருந்தது.

காரணம் வேடிக்கையானது. புதிய சேர்வரில் நேர வலயம் அமெரிக்காவின் பசிபிக் கரை என்று இருந்திருக்கின்றது. வேலை முடியும் நேரம் யாரோ மணி பிழையாகத் தெரிகின்றது என்று, வலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் இலங்கை நேரத்துக்குத் திருத்திவிட்டார்கள். பார்வைக்கு மணி சரி. ஆனால் கணனிகள் தமக்குள் பேசுவது உலகப் பொது நேரத்தில். பசிபிக் நேரம் நவம்பரில் உலகப் பொது நேரத்துக்கு 8 மணித்தியாலம் பின்னால், நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆக, நமது சேர்வர் உண்மையான நேரத்தைவிடப் பதின்மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. வழி தெரிந்தவுடன் கணனிகள் சேர்வரிடம் நேரம் கேட்டன, அதுவும் தன் பிழையான நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது.

திகதி மாறுவதோடு விடயம் முடிவதில்லை. அக்டிவ் டிரெக்டரியில் ஆளை அடையாளம் காணும் முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். அது பஸ் டிக்கட்டைப் போல நேரம் குறித்த சீட்டுக் கொடுக்கும். இரு பக்கத்துக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், வழமையான அமைப்பில், அந்தச் சீட்டு செல்லாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சேர்வரில் நேர வலயத்தை இலங்கைக்கு மாற்றினோம். விண்டோஸில் அது ஶ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில், ஐந்தரை மணித்தியாலம் என்ற குறிப்போடு இருக்கும். பிறகு இன்டர்நெட்டில் உள்ள நேரச் சேவையோடு அதை இணைத்தோம். சேர்வர் ஒழுங்கான பின் கணனிகள் தாமாகவே அதைப் பின்பற்றின. மூன்று இன்வொய்ஸ்களையும் இரத்துச் செய்து புதிதாக அடித்தோம்.

மூன்றாவது: ஐந்து சாவிகள் யாரிடம்?

ஒரு காரியாலயத்தில் பதிவேட்டின் பிரதிகள் பல சேர்வர்களில் இருக்கலாம். பெரும்பாலான மாற்றங்களை எதிலும் எழுதலாம். ஆனால் ஐந்து பொறுப்புகள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சேர்வரிடமே இருக்கும். பதிவேட்டின் அமைப்பை மாற்றும் பொறுப்பு, டொமைன்களைச் சேர்க்கும் நீக்கும் பொறுப்பு, புதிய பெயர்களுக்கான தொடரிலக்கங்களைப் பங்கிடும் பொறுப்பு, நேரத்துக்கும் கடவுச்சொல் மாற்றங்களுக்கும் தலைமை தாங்கும் பொறுப்பு, பிற டொமைன்களின் பெயர்த் தொடர்புகளைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்பன அவை. இவற்றை எப்எஸ்எம்ஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான் ஐந்து சாவிகள் என்கின்றேன்.

புதிய சேர்வரில் பதிவேட்டின் பிரதியை எடுப்பதனால் மட்டும் சாவிகள் கைமாறுவதில்லை. தனியாக மாற்றிக்கொடுக்க வேண்டும். சேர்வரில் கட்டளைத் திரையைத் திறந்து நெட்டொம் கியூவரி எப்எஸ்எம்ஓ என்று கேட்டால், எந்தச் சாவி யாரிடம் என்று ஐந்து வரியில் சொல்லும். கேட்டோம். ஐந்து வரியிலும் பழைய சேர்வரின் பெயர்! சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அது உறங்கிக்கொண்டிருந்தது.

இதன் தீங்கு உடனே தெரியாது. புதிய சேர்வர் சேரும்போதே 500 தொடரிலக்கங்கள் கொண்ட ஒரு கட்டு அதற்குக் கிடைத்துவிடும். அதனால் புதிய பிள்ளையின் பெயரை எழுத முடிந்தது. ஆனால் எல்லாக் கணனிகளுக்கும் பொதுவான சட்டதிட்டங்களை மாற்றும் திரை, நேரத் தலைமை வகிக்கும் சேர்வரையே முதலில் தேடும். அது அன்றும் திறக்கவில்லை. சாவிகள் இல்லை என்று பல மாதம் கழித்துத் தெரிய வரும்போது, பழைய பெட்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

நல்ல வேளை, நமது பழைய பெட்டி அறையின் மூலையிலேயே இருந்தது. அதை எழுப்பி, முதலில் அதன் மணியைச் சரிபார்த்து, இரு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்து ஒத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, ஐந்து சாவிகளையும் புதியதற்கு மாற்றினோம். மாற்றும் வேலை சில நிமிடங்கள்தான்.

பழைய சேர்வர் உயிரோடு இருந்தால் சாவியைக் கேட்டு வாங்குவதே முறை. அது எழும்பவே மாட்டாது என்று உறுதியானால் மட்டும் புதிய சேர்வர் சாவிகளைப் பலவந்தமாக எடுத்துக்கொள்ள வழியிருக்கின்றது. அப்படி எடுத்த பிறகு பழைய பெட்டியை ஒருபோதும் அதே வலையமைப்பில் எழுப்பக்கூடாது. ஒரே கடைக்கு இரண்டு சாவிக்கொத்து, இரண்டு முதலாளி என்றாகிவிடும்.

நான்காவது: பொதுப் பெட்டி வந்து சேர்ந்ததா?

பதிவேட்டோடு சேர்ந்து சிஸ்வொல் என்றொரு பொதுப் பெட்டியும் பழையதிலிருந்து புதியதற்குப் பிரதியாக வேண்டும். சட்டதிட்டங்களின் பைல்கள் அதில்தான் இருக்கின்றன. அது வந்து சேராமல் பழையதை நிறுத்திவிட்டால், புதிய சேர்வர் தன்னைப் பதிவேட்டுச் சேர்வர் என்று வெளியே அறிவிக்காது. நம் விடயத்தில் இது சரியாக இருந்தது. சிஸ்வொல், நெட்லொகன் என்ற இரண்டு பகிர்வுகளும் புதிய சேர்வரில் தெரிகின்றனவா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2003 காலத்துச் சேர்வரிலிருந்து படிப்படியாக வந்தவர்களுக்கு இன்னொன்று. அக்காலத்தில் இந்தப் பெட்டியைப் பிரதியெடுத்த பழைய முறையை 2019 மற்றும் அதற்குப் பிந்திய சேர்வர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் பழைய சேர்வரிலேயே புதிய முறைக்கு மாறியாக வேண்டும்.

ஐந்தாவது: கதவு இலக்கங்கள்

வழியும் மணியும் சாவியும் சரியாக இருந்தும் சேர்வரில் திறக்கும் திரை உங்கள் மேசையில் திறக்காவிட்டால், இடையில் பாதுகாப்புச் சுவர் நிற்கின்றது என்று பொருள். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கதவு இலக்கம் உண்டு:

53 – வழி கேட்கும் டிஎன்எஸ்
88 – கெர்பரோஸ் சீட்டு
389 – பதிவேட்டை வாசிக்கும் எல்டாப். பாதுகாக்கப்பட்ட வழி 636
3268 – முழுப் பதிவேட்டின் சுருக்கப் பிரதி
135, 445 – நிர்வாகத் தொடர்பும் பைல் பகிர்வும்
9389 – புதிய பாணி நிர்வாகத் திரை

கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். பழைய பாணித் திரை 389 ஐயும் புதிய பாணித் திரை 9389 ஐயும் தட்டுகின்றன. ஒன்று திறந்து மற்றது திறக்காவிட்டால் எந்தக் கதவு பூட்டியிருக்கின்றது என்று அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். சேர்வர் எழும்பும்போது தன் வலையமைப்பைப் பொது இடம் என்று பிழையாக நினைத்துக்கொண்டு கதவுகளை அடைத்துக்கொள்வதும் உண்டு. வலையமைப்பின் வகை டொமைன் என்று காட்டுகின்றதா என்று பார்க்க வேண்டும். சுவரையே மொத்தமாக இடித்துவிடுவது, அதாவது பயர்வோலை நிறுத்திவிடுவது, தீர்வல்ல.

ஆறாவது: கையில் அதிகாரம் இருக்கின்றதா?

இறுதியாக, திரையைத் திறப்பவரின் பெயருக்கு நிர்வாக உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். நமது பதிவேட்டின் தலைமைக் கடவுச்சொல் மருமகனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் போகும்போது எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த உறை இருந்ததால்தான் இந்தக் கட்டுரை இப்படி முடிகின்றது. அது இல்லாதிருந்தால் உதவியாளர் சொன்ன முடிவே நமது முடிவாகியிருக்கும்.

மாறப்போகின்றவர்களுக்கு

1. வேலை தொடங்க முன் சேர்வரின் முழுப் பிரதியொன்றை வேறொரு வட்டில் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

2. தலைமைக் கடவுச்சொல்லையும், மீட்பு நிலைக்கான தனிக் கடவுச்சொல்லையும் எழுதி உறையிலிட்டுப் பூட்டுங்கள். இரண்டும் வேறு வேறு. நம்பிக்கையான இரண்டாம் நபர் ஒருவருக்கு உறை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

3. “முடிந்துவிட்டது” என்பதற்கு அடையாளம் என்ன என்று முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். முகாமையாளரின் மேசையிலிருந்து ஒரு பெயரைச் சேர்த்து, அந்தப் பெயரால் வேறொரு கணனியில் உள்ளே போய், பிறகு அதை மூடிக் காட்ட வேண்டும். ஐந்து சாவிகளும் புதியதில் இருப்பதைக் காட்ட வேண்டும். டிசி டயக் என்ற பரிசோதனைக் கட்டளையை ஓடவிட்டுப் பெறுபேற்றை அச்சடித்துத் தர வேண்டும். இதன் பிறகே மீதிப் பணம். நான் இப்படி எழுதிக்கொடுக்கவில்லை. ஆகவே அந்த உதவியாளரைவிடப் பிழை என்னுடையதுதான்.

4. சாவிகள் மாறிய பின்னரும் பழையதை உடனே அகற்றாதீர்கள். சில நாட்கள் நிறுத்திவைத்துப் பாருங்கள். குறை ஒன்றும் தெரியாவிட்டால் மறுபடி எழுப்பி, அதன் பொறுப்பை முறைப்படி நீக்கிவிட்டு அகற்றுங்கள். ஆனால் வழமையான அமைப்பில் 180 நாட்களுக்கு மேல் உறங்கிய பதிவேட்டுச் சேர்வரைத் திரும்பச் சேர்க்கக்கூடாது. அதில் இறந்துபோன பெயர்களெல்லாம் மறுபடி எழும்பி வரும்.

5. முடியுமானவர்கள் பதிவேட்டை இரண்டு சேர்வர்களில் வையுங்கள். ஒன்று விழுந்தாலும் கடை நிற்காது.

6. ஒருவர் விலகும் நாளே அவர் பெயரை மூடும் நாள். விடுமுறை, தேர்தல், சேர்வர் மாற்றம் எதுவும் சாட்டாகக் கூடாது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் காலத்தில், வாடிக்கையாளரின் விபரங்கள் நம் கையில் உள்ள அமானிதம் மட்டுமல்ல, சட்டப் பொறுப்பும்கூட.

அன்று மாலை இரு சேர்வர்களின் உள்நுழைவுப் பதிவுகளையும் முகாமையாளர் தேடிப் பார்த்தார். விலகிய தம்பியின் பெயர் கடைசியாகப் பதிவாகியிருந்தது அவர் வேலை செய்த அந்தப் புதன்கிழமைதான். அதற்குப் பிறகு அவர் நமது கதவைத் தொடவேயில்லை. அந்தத் திங்கட்கிழமை முழுவதும் நான் அவரை மனத்துக்குள் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் கதவு திறந்து கிடந்தும் நமது கடன் கொப்பி பத்திரமாக இருந்ததற்குக் காரணம் அவருடைய நேர்மை. நமது காவல் அல்ல.

அடுத்த வாரம் அவரைக் கடைத்தெருவில் கண்டு நின்று சுகம் விசாரித்தேன். சேர்வர் கதையைச் சொல்லவில்லை. “புது இடம் எப்படி தம்பி?” என்று மட்டும் கேட்டேன். நல்லது என்றார். தேநீர் ஒன்று வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆட்களின் நேர்மை நமக்குக் கிடைக்கும் பாக்கியம். அதை நம்பிக் கதவைத் திறந்து வைப்பது வியாபாரமல்ல. இன்றைக்கே உங்கள் காரியாலயத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நமது பதிவேட்டின் சாவி எங்கே, யாரிடம்? உடனே பதில் வராவிட்டால், சேர்வரை மாற்ற முன் அதைத் தேடி எடுங்கள்.